பாறையடியில் எடுத்த சீட்டு

கிரீச்... கிரீச்... என்று ஒரு சத்தம், அக்கா. ராத்திரி பத்தரை இருக்கும். இரும்பை இரும்பு கடிக்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கேட்கும், நிற்கும், மறுபடியும் கேட்கும். பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தேன். பாய் காலி.

ஜன்னல் கம்பியைத்தான் எவனோ அறுக்கிறான் என்று நினைத்தேன். முதலில் பிள்ளையை எடுத்தேன், அப்புறம் ஜெபமாலையை எடுத்தேன், அதற்கப்புறம்தான் டார்ச்சை எடுத்தேன். பின்வாசலைத் திறந்து பார்த்தால் கள்ளனும் இல்லை, ஒருத்தனும் இல்லை. மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். செல்போன் வெளிச்சத்தில், அரத்தை வைத்துத் தூண்டில் முள்ளை ஒவ்வொன்றாக ராவிக்கொண்டிருக்கிறார். உதட்டில் விசில் வேறு.

"ஒறக்கம் வரல்ல பிள்ளே. நீ போய்க் கிட" என்றார்.

பாவம். மனசு உடைந்துபோனால் ஆண்பிள்ளைகள் அழவா முடியும்? இப்படி எதையாவது ராவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கும் உறக்கம் போய்விட்டது. பிள்ளைக்குத் தடுப்பூசித் தேதி எழுதுகிற நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. இதை எங்கே அனுப்புவது என்றும் தெரியாது. ஆனால் இன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் நீங்கள் ஒருத்திதான் "எதுக்கு மக்களே கரையுத?" என்று கேட்டீர்கள். நான் பல்வலி என்றேன். நீங்கள் மடியை அவிழ்த்துக் கிராம்பு ஒன்று எடுத்துத் தந்தீர்கள். வலிக்காத பல்லில் அதை வைத்துக்கொண்டு நீங்கள் இறங்கும்வரை வந்தேன். நான் கான்வென்ட் போர்டிங்கில் எட்டு வருஷம் இருந்தவள், அக்கா. எங்கள் சிஸ்டர் சொல்வார்கள், பயப்படுவது பாவமில்லை, பொய்தான் பாவம் என்று. அதனால் எதற்கு அழுதேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் விஜிலா. சூசைத்துறை கடற்கரை. வீட்டுக்காரர் பெயர் கிளீட்டஸ். பிள்ளை ஆன்சி, பதினாலு மாசம். அதுதான் உங்கள் மடியில் இருந்த கொய்யாப்பழத்தைக் கடித்தது.

அவர் ஆழ்கடலுக்குப் போகிறவர். ஒருதடவை போனால் நாற்பது நாள். போன தடவை இருபத்தோராம் நாளோடு வயர்லெஸ்ஸில் சத்தம் நின்றுபோயிற்று. ஒன்பது நாள், அக்கா. அந்த ஒன்பது நாளும் நான் பிள்ளைக்குப் பால் கொடுத்தேனா இல்லையா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. பத்தாம் நாள் போட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இஞ்சின் பழுது, வேறொன்றுமில்லை. அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார், ஒரு பெரிய சூரைமீனோடு. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குப் பிடித்த நடுக்கம் இன்னும் விடவில்லை. நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி இல்லை, கவனமாக இருப்பேன், அவ்வளவுதான்.

கரையில் இருக்கும் நாட்களில் அவர் எங்கள் ஊர் ஃபுட்பால் டீமின் கோலி, கோலைக் காக்கிறவர். செவன்ஸ், ஏழு பேர் ஆட்டம். எங்கள் கடற்கரையில் பிள்ளை நடப்பதற்கு முன்னால் பந்தை உதைக்கும். டீமை நடத்துகிறவர் லாசர் அண்ணன், ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கிறார். இந்தத் தடவை பாறையடி டூர்னமெண்டில் ஃபைனலுக்கு வந்ததும் அவர் எங்கள் வாசலில் நின்று, என் காதுபட, "கிளீட்டஸே, கப்பை மட்டும் கொண்டு வா. பிளாண்ட்ல சூப்பர்வைசர் வேலை உனக்கு. பிறகு நீ கடலைக் கரையில நிண்ணு பாத்தாப் போரும்" என்றார்.

எனக்குக் கால் தரையில் இல்லை. இவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஐஸ் கட்டிக்குக் காவல் இருக்கணுமா? உருகிப் போயிராதா அண்ணே, நான் பாத்தா?" என்றார். எப்போதும் விளையாட்டுப் பேச்சுத்தான்.

திங்கள் விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்துக்கு வேன். ஞாயிறு ஃபைனல். கப்பு வந்தால் வேன் இவர் இல்லாமல் போகும். வராவிட்டால் நாற்பது நாள். இவ்வளவுதான் கணக்கு. வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. "நானும் வாறேன்" என்றேன். மாமி, அவரைப் பெற்றவர்கள், "பொம்பள போனா பந்து கோலுக்குள்ள போவுமா?" என்று கேட்டார்கள். அதையும் கேட்டுக்கொண்டு, பிள்ளைக்கு ஒரு பாட்டில் வெந்நீரும் நாலு துணியும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

எங்கள் டீம் எங்கே போனாலும் கவர்மெண்ட் பஸ்தான். காலை எட்டரைக்கு ஏறினோம். ஆட்கள் பத்துப் பேர், நான், பிள்ளை, பந்து மூட்டை. கண்டக்டர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "பொம்பளைக்கு ஃப்ரீ, பால்குடிக்கு ஃப்ரீ. இந்த உருண்டைக்கு லக்கேஜ் போடணுமே" என்றார். "அதுவும் எங்க வீட்டுப் பிள்ளைதான் சார், மடியில வச்சுக்கிடுதோம்" என்று இவர் ஒரு பந்தை எடுத்து மடியில் வைத்துத் தட்டிக் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் முன் சீட்டில் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையை இரண்டு தடவை முடித்துவிட்டேன். மார்த்தாண்டத்தில் மாறி, குலசேகரத்தில் மாறி, பாறையடி போய்ச் சேரும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில் ஒரு மைதானம். கடல்காற்றே இல்லை. அதுவே எனக்கு ஒரு நிம்மதி.

ஆட்டம் எனக்கு முழுசாகத் தெரியாது. ஆனால் அவர் ஆடியதைச் சொல்ல வேண்டும். மூன்று பேர் ஒரே நேரத்தில் வந்தார்கள். பாய்ந்து விழுந்து விரல் நுனியால் தட்டிவிட்டார். அந்த ஊர்க்காரர்களே "லேய், அவன் கையில பசையா லேய் இருக்கு?" என்றார்கள். கடைசியில் ஒன்றுக்கு ஒன்று. அப்புறம் பெனால்டி, டீமுக்கு ஐந்து. அதுவும் சமம். அப்புறம் ஒவ்வொருத்தராக அடிப்பது. எங்கள் ஆள் அடித்துவிட்டான், கோல். இனி அவர்கள் அடிப்பதை இவர் பிடித்துவிட்டால் கப்பு எங்களுக்கு.

அப்போது லாசர் அண்ணன் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று, "கிளீட்டஸே, இதைப் பிடி. ஒண்ணாந்தேதி முதல் வேலைக்கு வந்துரு" என்றார். எனக்கே கேட்டது. இவர் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். பாறையடிக்காரன் அடித்த பந்து நேராக இவர் நெஞ்சுக்குத்தான் வந்தது, அக்கா. ஆன்சிகூடப் பிடித்திருப்பாள். கையில் பட்டு, வழுக்கி, காலுக்கிடையில் உள்ளே போய்விட்டது.

சந்தோஷத்தில் கை நடுங்கிவிட்டது, வேறென்ன? அதோடு கையுறையும் பழசு. புதுசு வாங்குங்கள் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அடுத்த முறையும் எங்கள் ஆள் கோல் போட்டான். அடுத்த முறையும் அதேபோல வழுக்கியது.

அதற்குள் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. ரப்பர்த் தோட்டத்தில் இருட்டு சீக்கிரம் வரும் போலிருக்கிறது. கடைசி பஸ் ஆறேமுக்காலுக்கு. அதை விட்டால் மார்த்தாண்டத்துக்கு வழியில்லை. டிரைவர் ஏற்கெனவே வண்டியை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் வந்து, "ஆட்டம் முடியுமா, நான் விசிலடிக்கவா?" என்றார். ரெஃப்ரி வாட்சைப் பார்த்தார். "சீட்டு எடுத்திருவோம். வழக்கம்போல" என்றார்.

வழக்கம்போல. எங்கள் ஆட்களும் தலையாட்டினார்கள், அவர்கள் ஆட்களும் தலையாட்டினார்கள்.

இரண்டு சீட்டு எழுதி மடித்து, படிக்கத் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அங்கே இருந்த பிள்ளைகள் எல்லாம் பாறையடிப் பிள்ளைகள். அவர்கள் கமிட்டித் தலைவர் தங்கப்பன் என்கிற பெரியவர், என் இடுப்பில் இருந்த ஆன்சியைப் பார்த்து, "வந்த ஊருக்காரங்க பிள்ளையே எடுக்கட்டும். பிறவு எங்களைக் குத்தம் சொல்லப்படாது பாருங்க" என்றார். நல்ல மனிதர்கள். என் பிள்ளையை நடுமைதானத்துக்குக் கொண்டுபோனேன்.

ரெஃப்ரி மெல்லிய தாளைக் கிழித்தார். நீலப் பேனாவில் "பாறையடி" என்று எழுதினார். எங்கள் ஊரை எழுதப் போனார், பேனா நின்றுபோயிற்று. உதறினார், நக்கினார், எழுதவில்லை. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவரிடம் சிவப்பு ஸ்கெட்ச் பேனா இருந்தது. அதை வாங்கி "சூசைத்துறை" என்று எழுதினார். நாலாக மடித்தார். தொப்பியைக் கழற்றி இரண்டையும் உள்ளே போட்டுக் குலுக்கி, பிள்ளை கைக்கு எட்டும்படி தாழ்த்திப் பிடித்தார். தான் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் பார்த்தேன். மடிப்புக்கு வெளியே சிவப்பு ஊறியிருந்தது.

இதைத்தான், அக்கா, என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம். ஆனால் எங்கள் பங்குச் சாமியாரே எங்கள் டீமின் காப்பாளர்.

ஆன்சியின் கை முதலில் மற்றதன் மேல்தான் போனது. நீலச் சீட்டின் மேல். அவள் மணிக்கட்டை நான் பிடித்திருந்தேன். பிடிக்காவிட்டால் எடுத்து வாயில் போட்டுவிடுவாள், அதற்காகத்தான் பிடித்தேன். பிடித்த கையின் ஒரு விரலை நீட்டி, சிவப்புச் சீட்டை அவள் உள்ளங்கைக்குக் கீழே தள்ளிவிட்டேன். ஒரு விரல். பரீட்சையில்கூடப் பக்கத்துப் பேப்பரைப் பார்க்காதவள் நான். அந்த நேரத்தில் எனக்கு சிஸ்டரும் இல்லை, சாமியும் இல்லை. அந்த ஒன்பது நாள்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

எங்கள் கடற்கரையில் கரமடி வலை இழுக்க யாருக்கு முதல் முறை என்பதற்குச் சீட்டுதான் போடுவார்கள். எடுத்த சீட்டுக்கு முதல் முறை. எடுத்தவன் ஜெயித்தவன். பிறந்ததிலிருந்து நாங்கள் கண்டது அதுதான்.

ரெஃப்ரி சீட்டைப் பிரித்து, "சூசைத்துறை" என்றார். எங்கள் பையன்கள் பாய்ந்து வந்து ஆன்சியைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிவிட்டார்கள். லாசர் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். நான் இவரைத்தான் தேடினேன். கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கையுறையைக் கழற்றினார், அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சந்தோஷத்தில் கல்லாகிவிட்டார் மனுஷன் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கொஞ்சம் பொறுக்கணும்" என்றார் தங்கப்பன். "எதுக்குச் சாடுதிய? வெளிய வந்தது வெளிய. தொப்பிக்குள்ள இருக்கியதுக்குத்தான் கப்பு."

"அது எந்த ஊரு நியாயம் ஓய்?" என்று லாசர் அண்ணன் கேட்டார்.

"இந்த ஊரு நியாயம். இருவத்தெட்டு வருசமா இஞ்ச அப்பிடித்தான். வழக்கம்போலண்ணு ரெஃப்ரி கேட்டாரே, தலையாட்டினீரா இல்லியா?"

ரெஃப்ரியும் அந்தப் பக்கத்துக்காரர்தான். ஆனால் பொய் சொல்கிறவர் மாதிரி இல்லை. அவருக்கே முகம் வாடிவிட்டது. "எல்லாருக்கும் தெரியும்ணு நெனச்சேன்" என்றார். சத்தம் பெரிதாகிவிட்டது. சட்டையைப் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில் இவர் நடந்து வந்தார். நேராக அவர்கள் கோலியிடம் போய்க் கை கொடுத்தார். "வழக்கம்ணா வழக்கம்தாம்ல. சண்டை எதுக்கு? வாங்கலேய், பஸ்ஸு போயிரும்" என்று சிரித்தார். பெருந்தன்மையைப் பாருங்கள், அக்கா. தன் வேலை போகிறது, தன் பிழைப்பு போகிறது, அந்த மனுஷன் சிரிக்கிறார். இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்திருக்கிறேன்?

பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில் லாசர் அண்ணன் கூடவே ஓடினேன். பிள்ளை இடுப்பில், செருப்பு ஒன்று கையில். "அண்ணே, ஆட்டத்துல தோக்கல்லியே அண்ணே. சீட்டுலதானே. அவருக்கு அந்த வேலைய..." என்றேன்.

"சீட்டை எடுத்தது ஆரு? உனக்க பிள்ளைதானே" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "விடு பிள்ளே. அவனுக்கும் ஒரு மனசு இருக்குல்லா? அடுத்த வருசம் பாப்போம்" என்றார். என்ன மனசு என்று நான் கேட்கவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது.

குலசேகரத்தில் நீங்கள் ஏறினீர்கள். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டிருக்கும் உங்களுக்கு. தோற்றுப்போன டீம் இப்படிப் பாடுமா என்று நினைத்திருப்பீர்கள். பந்து மூட்டையில் தாளம் போட்டது என் வீட்டுக்காரர்தான். மற்றவர்கள் மனசு நோகக் கூடாதே என்று. நடுவில் ஒருதடவை வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றை முன்னால் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "என்ன பிள்ளே, மூஞ்சி இப்பிடி இருக்கு?" என்றார். அவர் போனதும்தான் எனக்கு அழுகை பொங்கியது. அப்போதுதான் நீங்கள் கேட்டீர்கள்.

அழுததற்குக் காரணம் தோற்றது இல்லை, அக்கா. பிள்ளையை அதன் போக்கில் விட்டிருந்தால் அது நீலத்தை எடுத்திருக்கும். எங்கள் சீட்டு தொப்பிக்குள் இருந்திருக்கும். அவர் நாளைக்குக் கரையில் இருந்திருப்பார். எந்தச் சாமி அந்தக் குழந்தையின் கையை அந்தப் பக்கம் கொண்டுபோனதோ, அந்தச் சாமியின் கையை நான் தட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது ஒன்பதரை. மாமிக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. "பெத்த தள்ளைக்கு இல்லாத ராசி பிள்ளைக்கு எங்கேருந்து வரும்?" என்றார்கள். இவர், "சும்மா கிடம்மா, பிள்ளையைச் சொல்லாத" என்றார். சோற்றை உண்டார், படுத்தார். பிறகு நடந்ததுதான் நான் முதலில் சொன்னது.

இதுவரை எழுதிவிட்டு, ஒரு மணிக்கு மறுபடியும் பின்வாசலுக்குப் போனேன். இன்னும் ராவிக்கொண்டிருந்தார். முள்ளெல்லாம் வரிசையாக மினுங்கின. பக்கத்தில் உட்கார்ந்து, "இஞ்சேருங்க, நான் ஒரு காரியம் செஞ்சுட்டேன்" என்று தொடங்கினேன்.

"என்ன, சீட்டா?" என்றார். முள்ளை நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார். "விடு பிள்ளே."

"இல்ல, நான்தான்..."

"நாப்பது நாள்தானே. இஞ்ச எனக்கு ராத்திரி ஒறக்கமே வரமாட்டேங்கு. அங்க தலையைச் சாய்ச்சா ஒறங்கிப்போவேன்."

எனக்கு ஆறுதல் சொல்லத்தான் இப்படியெல்லாம் சொல்கிறார். குற்றம் செய்தவள் நான், ஆறுதல் சொல்கிறவர் அவர். எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு வேன் வந்தது. ஹாரன் அடிக்க வேண்டாம், பிள்ளை விழிக்கும் என்று இவர் முன்னாலேயே சொல்லியிருந்தார். லைட்டை மட்டும் இரண்டுமுறை அணைத்துப் போட்டார்கள். பையைத் தோளில் போட்டார். தொட்டிலைக் குனிந்து பார்த்தார், தொடவில்லை. என் தலையில் விரலால் ஒரு சிலுவை போட்டார். வெளியே இறங்கிக் கதவைச் சாத்தினார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் படி இறங்குவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இதுவரை நான் உடனே போட்டுவிடுவேன். எனக்கு இருட்டு என்றால் பயம்.

இன்றைக்கு என் கை தாழ்ப்பாளில் இருந்தது. தள்ளவில்லை.

"விஜிலா, போடு."

"போடுதேன்."

கதவுக்குக் கீழே, இடுக்கில், அவர் காலின் நிழல் தெரிந்தது. அசையவில்லை. வேனிலிருந்து ஒருத்தன், "லேய் கிளீட்டஸ், நேத்தா லேய் கல்யாணம் ஆச்சு?" என்றான். சிரித்தார்கள். நிழல் அசையவில்லை. இன்னும் பத்து நிமிஷம் நான் இப்படியே நின்றால் போதும், வேன் போய்விடும். போட் யாருக்காகவும் காத்திருக்காது. சீட்டும் வேண்டாம், கப்பும் வேண்டாம், லாசர் அண்ணனும் வேண்டாம். நான் சும்மா நின்றாலே போதும், அக்கா.

வேனின் இஞ்சின் உறுமியது.

"பிள்ளே" என்றார், கதவில் வாயை வைத்து, மெதுவாக. "நீ போடல்லண்ணா நான் போக மாட்டேன்."

மிரட்டல் இல்லை. கோபமும் இல்லை. போர்டிங்கில் லீவு விடுகிற அன்று, பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, சிஸ்டர் கேட்டைத் திறப்பார்களா என்று வாசலில் நிற்போமே, அந்தப் பிள்ளைகளின் குரல். நான் அந்தக் குரலை அவரிடம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் வேறென்னவோ என்று நினைத்திருப்பேன்.

உள்ளே ஆன்சி புரண்டு படுத்தாள். தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருப்பிடித்தது, ஒரு கைக்கு வராது. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும், அவருக்குக் கேட்கும்படி, முழுசாகத் தள்ளிப் போட்டேன்.